அரைமண்டியை மறுபடி கற்றுக்கொண்ட கதை

முழங்கால் வீங்கி மூன்று மாதம் ஆடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் நடனக் கலைஞர் சந்திரலேகாவின் பக்கம் போனேன். அதற்கு முன் பெயர் தெரியும். வெள்ளை முடி, நெற்றியில் பெரிய பொட்டு, கண்ணில் தடித்த மை, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையோரம் வீடு. நான் வளர்ந்த வகுப்பில் அவர் பெயர் வந்தாலே ‘பரதத்தை உடைத்தவர்’ என்பார்கள். அந்த ஒரு சொல் பல வருஷம் என்னை அவர் வேலையைப் பார்க்கவிடாமல் தடுத்தது.

ஏழு வயதில் பரதம் ஆரம்பித்தேன். எனக்கு அரைமண்டி, அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் அடிப்படை நிலை, இயல்பாக அமையாது. இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் அவ்வளவாகத் திரும்பாத உடம்பு என்னுடையது. அது அப்போது எனக்கும் தெரியாது, கற்றுக்கொடுத்தவருக்கும் தெரியாது. அவர் பின்னால் வந்து இரண்டு தோளையும் கீழே அழுத்துவார். பாதங்களைத் தள்ளி ஒரே கோட்டில் வைப்பார். பாதம் சொன்ன இடத்துக்குப் போய்விடும், முழங்கால் போகாது. பாதம் ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் பார்த்தபடியே இருபத்தைந்து வருஷம் தட்டினேன். வலித்தால் ‘பழகிடும்’ என்பார்கள். நானும் அதையே என் மாணவிகளிடம் சொன்னேன். இதை எழுதும்போது இன்னும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு நிமிஷத்தில் விளக்கினார். தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் எவ்வளவு சுழல்கிறதோ அவ்வளவுதான் பாதம் வெளியே திரும்ப வேண்டும். மீதியைப் பாதத்தால் இழுத்துப் பிடித்தால், அந்தத் திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். முழங்கால் முக்கியமாக மடங்கி நீளும் மூட்டு. திருகுவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. இந்தச் சின்ன விஷயம் ஏன் எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லப்படவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், என்னோடு படித்த தோழி ஒருத்தி, “‘சரீரா’ போடறாங்க, வா” என்று கூப்பிட்டாள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

‘சரீரா’ சந்திரலேகாவின் கடைசிப் படைப்பு. 2001இல் வந்தது. நான் பார்க்கும்போது அவர் மறைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டிஷானி தோஷியும் ஷாஜி ஜானும் ஆடினார்கள். டிஷானி கவிஞர், ஷாஜி களரி என்னும் கேரளத்துச் சண்டைக்கலை பயின்றவர். இசை குண்டேச்சா சகோதரர்களின் துருபத், இந்துஸ்தானியில் ஒரு பழைய பாட்டு முறை. மேடையில் வேறு எதுவும் கிடையாது. நகை இல்லை, சலங்கை இல்லை, கதை சொல்லும் குரல் இல்லை. ஒரு பெண் தரையில் இருக்கிறாள். அவள் கால்கள் மெல்ல விரிகின்றன. மெல்ல என்றால், விரிகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்ல. சில நிமிஷம் கழித்துப் பார்த்தால் அது ஒரு முக்கோணமாக ஆகியிருக்கிறது.

முதல் பத்து நிமிஷம் எனக்குப் பொறுமையே இல்லை. கை தானாகத் தாளம் போடத் தேடியது, பிடிக்கத் தாளம் கிடைக்கவில்லை. எப்போது ஆடுவார்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு கட்டத்தில் கவனித்தேன்: அந்தப் பெண்ணின் மூச்சோடு என் மூச்சும் நீண்டிருந்தது. அங்கிருந்து கடைசிவரை நான் அசையவில்லை. வெளியே வரும்போது அம்மா சொன்னது: “எனக்கு உன்னைப் பெத்த நாள் ஞாபகம் வந்துச்சு.” எந்த நாட்டிய நிகழ்ச்சிக்கும் அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ‘நல்லா இருந்துச்சு, டிரஸ் அழகா இருந்துச்சு’, அவ்வளவுதான் வழக்கம். சபா நாற்காலியில் நாற்பது வருஷம் உட்கார்ந்து பார்த்த அம்மாவுக்குக் கதையே இல்லாத ஒரு ஆட்டம் இவ்வளவு நேரடியாகப் புரிந்தது என்றால், எனக்குப் புரியாமல் இருந்தது என் குறைதானே?

அதிலிருந்து அவருடைய வேலைகளைப் பின்னோக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். கிடைத்த பதிவுகள், கட்டுரைகள், அவரோடு ஆடியவர்கள் மேடையில் பேசியது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன்.

அவர் 1928இல் மகாராஷ்டிராவில் பிறந்தவர், குஜராத்திக் குடும்பம். சட்டப் படிப்பை விட்டுவிட்டு நாட்டியத்துக்காகச் சென்னை வந்து, காஞ்சிபுரம் எல்லப்பாப் பிள்ளையிடம் பரதம் கற்றார். பரதத்தின் நேரடி வழியில் வந்த நட்டுவனாரிடம் முறையாகக் கற்றவர் அவர். ‘உடைத்தவர்’ என்று சொன்னவர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. 1952இல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடத்தப்பட்ட நிகழ்ச்சி அது. மேடையில் அவர் யமுனையில் பெண்கள் நீராடுவதை, நீரை அள்ளித் தெளித்து விளையாடுவதை அபிநயம் பிடிக்கிறார். பாதியில் அவர் மனசில் வெடித்துக் கிடக்கும் நிலம் வந்து நிற்கிறது. வறட்சிக்காகப் பணம் திரட்டும் மேடையில் தண்ணீரின் செழிப்பை ஆடிக்கொண்டிருக்கிறோமே என்ற கேள்வி. அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. 1960களில் மேடையை விட்டு விலகினார். எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கத்தில் வேலை செய்தார். 1972இல் ‘நவக்கிரகா’ என்று ஒன்று செய்ததைத் தவிர, ஏறத்தாழ இருபது வருஷம் மேடை இல்லை. 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பில் திரும்ப வந்தார். அடுத்த வருஷம் ‘அங்கிகா’. அப்போது அவருக்கு 56 வயது. ‘சரீரா’ செய்தபோது 72. முப்பத்து நாலு வயதில் முழங்கால் போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று அழுதுகொண்டிருந்த எனக்கு இந்த இரண்டு எண்களும் பெரிய ஆறுதல்.

‘அங்கிகா’வில் களரி, யோகம், பரதம் மூன்றும் ஒரே மேடையில் வருகின்றன. பரதத்தின் அடிப்படை அசைவான அடவு எங்கிருந்து வந்திருக்கும்? உழைக்கும் உடம்பு, சண்டை போடும் உடம்பு, ஆசனத்தில் அமரும் உடம்பு, இவற்றிலிருந்துதானே என்று அந்தப் படைப்பு காட்டுகிறது. பக்தியையும் நாயக-நாயகி பாவத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, உடம்பு மட்டும் என்ன சொல்கிறது என்று பார்த்தார். 1989இல் ‘லீலாவதி’, 1990இல் ‘பிராணா’, 1991இல் ‘ஸ்ரீ’. பிறகு ‘யந்த்ரா’, ‘மஹாகால்’, ‘ராகா’, ‘ஸ்லோகா’. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த மனுஷி வருஷா வருஷம் எதையோ கழற்றிக்கொண்டே போகிறார். முதலில் நகை, பிறகு கதை, முகபாவம், வேகம், கூட்டம். கடைசியில் இரண்டு உடம்பும் பாட்டும் மட்டும் மிஞ்சுகின்றன. நாம் எல்லாரும் வருஷா வருஷம் சேர்த்துக்கொண்டே போகிறோமே!

இவற்றில் என்னை மிகவும் பாதித்தது ‘ஸ்ரீ’. அதில் பெண்கள் முதுகு வளைந்து நடக்கும் ஒரு பகுதி வருகிறது. குனிந்து, இடுப்பு உடைந்த மாதிரி, தரையைப் பார்த்தபடி நகர்கிறார்கள். யாரும் அழுவதில்லை, யாரும் அடிப்பதாகக் காட்டுவதில்லை. முதுகு மட்டும்தான். முடிவில் அதே பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று பத்துக் கைகள் கொண்ட ஒரே உருவமாக எழுகிறார்கள். அதைப் பார்த்த மறுநாள் வகுப்பில் என் மாணவிகளின் முகத்தை விட்டுவிட்டு முதுகை மட்டும் பார்த்தேன். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அரைமண்டியில் இடுப்பு பின்னால் தள்ளியிருந்தது. நான் இத்தனை நாளும் அவர்கள் கண்ணையும் கையையும்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

சரி, இதையெல்லாம் வைத்து என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நாட்டியம் கற்பவர்களுக்கும் கற்றுக்கொடுப்பவர்களுக்கும் இதில் உபயோகம் இருக்கும்.

முதலில், அரைமண்டியை ஒரு நிலையாகப் பார்ப்பதை நிறுத்தினேன். சந்திரலேகா அதை மண்டலமாகவே பார்த்தார்: நடுவில் ஒரு புள்ளி, அங்கிருந்து உடம்பு எல்லாத் திசைக்கும் விரிகிறது. என் வகுப்பில் இப்போது முதல் அடவான தட்டடவுக்கு முன் பத்து நிமிஷம், தாளம் தட்டும் தட்டுக்கழியைத் தொடுவதில்லை. பிள்ளைகள் நேராக நிற்பார்கள். பாதத்தை அவரவர் இடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் திருப்பச் சொல்வேன். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குதிகால் சேர்த்து நின்று, முழங்காலை இறுக்கி நேராக வைத்து, தொடையைச் சுழற்றினால் பாதம் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் கோணம். பிறகு மூன்று நீள மூச்சில் கீழே இறங்க வேண்டும். வெளிமூச்சில் இறக்கம், உள்மூச்சில் முதுகு நீளம். முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேர் மேலே போகிறதா என்று அவர்களே குனியாமல் கண்ணைத் தாழ்த்திப் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே சாய்ந்தால் பாதத்தின் திருப்பத்தைக் குறைக்க வேண்டும், முழங்காலை வெளியே தள்ளக் கூடாது. மறுபடி மூன்று மூச்சில் மேலே. ஐந்து தடவை. பார்க்கச் சும்மா இருக்கும், செய்தால் தொடை நடுங்கும்.

வேகமாகத் தட்டுவது பல தப்புகளை மறைத்துவிடும் என்பதை இதில்தான் கண்டேன். மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமான நடையில், பிரமாதமாகத் தெரிந்த பெண், மூச்சு வேகத்தில் ஆடும்போது எடை ஒரே காலில் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. எந்த அடவையும் நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஒருமுறை ஆடவைத்துப் பாருங்கள். ஒரு அசைவிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் உடம்பு என்ன செய்கிறது என்பது அப்போது தெரியும். ‘சரீரா’ ஒரு மணி நேரம் எனக்குக் காட்டியது அந்த வழியைத்தான்.

அப்புறம் களரி. முழங்கால் சரியானதும் ஒரு வருஷம் போய்க் கற்றேன். நடனத்தில் சேர்க்க வேண்டும் என்ற ஆசையோடுதான் போனேன், ஒளிக்கவில்லை. ஆசான் முதல் மாதம் முழுக்கக் கால் வீச்சும், மிருகங்களைப் போல் நிற்கும் வடிவுகளும் மட்டுமே தந்தார். ஆனை வடிவில் தாழ்ந்து நிற்கும்போது, பாதத்தை இப்படித் திருகாமலே இவ்வளவு கீழே இறங்க முடியும் என்று என் தொடைக்கு முதல்முறையாகத் தெரிந்தது. பரதக் கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணத்தில் களரி உதையைச் செருகுவதைப் பல மேடைகளில் பார்க்கிறேன். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது ஒட்டவைத்தது என்று உடம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். களரி எனக்குத் தந்தது பலமும் தரையோடு ஒரு உறவும். மேடையில் ஒரு களரி அசைவைக்கூட நான் இதுவரை ஆடியதில்லை. ஆடாததே நல்லது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

‘லீலாவதி’யிலிருந்து வகுப்புக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. அந்தப் படைப்பு பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாஸ்கராச்சாரியர் எழுதிய அதே பெயருள்ள கணித நூலை எடுத்துக்கொண்டது. கணக்கை ஆட முடியும் என்ற எண்ணமே எனக்குப் புதிது. நூலில் ஒரு வண்டுக் கணக்கு உண்டு. ஒரு கூட்ட வண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பப் பூவுக்குப் போகிறது, மூன்றில் ஒரு பங்கு சிலீந்திரப் பூவுக்கு, இந்த இரண்டின் வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு குடஜப் பூவுக்கு. மிச்சம் ஒரே ஒரு வண்டு, தாழைக்கும் மல்லிகைக்கும் நடுவே வாசனையில் தடுமாறிப் பறக்கிறது. மொத்தம் எத்தனை வண்டு? விடை 15. என் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருந்த ஒரு நாள் இதைச் செய்துபார்த்தோம். வண்டைக் காட்டும் பிரமர ஹஸ்தத்தோடு மூன்று பேர் ஒரு மூலைக்கு, ஐந்து பேர் ஒரு மூலைக்கு, ஆறு பேர் ஒரு மூலைக்கு. நடுவில் ஒருத்தி மட்டும் போக இடம் தெரியாமல் நின்றாள். யாரும் அவளுக்கு முகபாவம் சொல்லித்தரவில்லை. அவள் நின்ற நிலையிலேயே எல்லாம் இருந்தது. கூடம் அமைதியாகிவிட்டது. குழு அமைப்பு என்றால் வரிசை போடுவது என்று நினைத்திருந்த எனக்கு, இடைவெளியே அர்த்தம் சொல்லும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு நானே ஒன்று அமைக்க முயன்றேன். தண்ணீர் பற்றி. முதல் வடிவம் இருபத்திரண்டு நிமிஷம். பின்னணியில் படங்கள், நடுவில் வசனம், நீலப் புடவைகள், இரண்டு பாட்டு, எல்லாம் இருந்தது. ஒத்திகையைப் பார்த்த தோழி, “எதைப் பார்க்கிறதுன்னே தெரியலை” என்றாள். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி. வாரத்துக்கு ஒன்றாக எடுத்தேன். எடுத்த பிறகு ஒரு வாரம் அப்படியே ஆடிப் பார்ப்போம். எடுத்தது இல்லாமல் குறை தெரிந்தால் திரும்பச் சேர்ப்பேன், தெரியாவிட்டால் போனது போனதுதான். படங்கள் போயின, வசனம் போயிற்று, ஒரு பாட்டு போயிற்று. திரும்ப வந்தது ஒன்றே ஒன்று: குடத்தை இடுப்பில் மாற்றும் ஒரு அசைவு. கடைசியில் ஒன்பது நிமிஷ ஆட்டம் மிஞ்சியது. உங்களிடம் ஒரு நடன அமைப்பு இருந்தால் இந்த வார முறையைச் செய்துபாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் எது உயிர், எது அலங்காரம் என்று தெரியாமல் போய்விடும்.

இதற்கு விலையும் உண்டு. ஒன்பது நிமிஷம் முடிந்ததும் ஒரு மாணவியின் அம்மா வந்து, “இவ்வளவுதானா அக்கா? ஒரு நகைகூட போடலையே” என்றார். அடுத்த மாதம் அந்தப் பெண் வரவில்லை. இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. இப்போது ஒவ்வொரு புது வேலைக்கு முன்பும் ஒரு ஒத்திகையைப் பெற்றோருக்குத் திறந்துவிடுகிறேன், பேச அரை மணி நேரம் வைக்கிறேன். அதன் பிறகு யாரும் போகவில்லை.

ஒரு இடத்தில் நான் அவரோடு போகவில்லை. பக்தியும், சிருங்காரப் பதங்கள் என்னும் காதல் பாட்டுகளும் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்கு வேண்டும். ஒரு க்ஷேத்ரக்ஞர் பதத்தை உட்கார்ந்து அபிநயிக்கும்போது கிடைக்கும் நிறைவை விட்டுவிட எனக்கு மனசு வராது. ஆனால் அவர் வேலையைப் பார்த்த பிறகு பதத்தையும் வேறு மாதிரிதான் ஆடுகிறேன். முகத்தில் எதையும் வரவழைப்பதில்லை. முதுகு சரியாக இருந்தால் மூச்சு வருகிறது, மூச்சு வந்தால் முகம் தானாக வருகிறது.

இந்த மாதிரி ஆட்டத்தை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். கதை என்ன என்று தேடாதீர்கள். ஒரே ஒரு உடம்பின் ஒரே ஒரு பகுதியை, முதுகையோ பாதத்தையோ, ஐந்து நிமிஷம் விடாமல் பாருங்கள். பொறுமை போகும், போகட்டும், அது திரும்பி வரும். நிகழ்ச்சிக் கையேட்டை ஆட்டம் முடிந்த பிறகு படியுங்கள். முடிந்தால் நடனம் அதிகம் பார்க்காத ஒருவரைக் கூட்டிப்போய், வரும் வழியில் அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். ‘சரீரா’வோடு ஆரம்பிப்பது கஷ்டம் என்று தோன்றினால் ‘அங்கிகா’வைப் பற்றியும் ‘ஸ்ரீ’யைப் பற்றியும் முதலில் படித்துவிட்டு வாருங்கள். அவரோடு பத்து வருஷம் ஆடிய பத்மினி சேத்தூர் இப்போது சென்னையில் தனியாகப் படைப்புகள் செய்கிறார். சந்திரலேகாவிடமிருந்து வெகுதூரம் வந்த வேலை அது. ஒரு வழி எப்படி அடுத்தவர் கையில் வேறு வழியாகிறது என்று பார்க்க அவற்றையும் பாருங்கள்.

சந்திரலேகா 2006 டிசம்பர் 30 அன்று காலமானார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. எலியட்ஸ் கடற்கரையில் அவர் வீட்டு வாசலைக் கடந்து எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். ஒரு தடவையாவது உள்ளே போயிருக்கலாம்.

போன வருஷம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் சேர்ந்தாள். வேறு இடத்தில் மூன்று வருஷம் கற்றவள். முதல் நாள் அரைமண்டி உட்காரச் சொன்னேன். பாதம் நேர்கோட்டில், முழங்கால் முன்னால். என் உடம்பேதான். பாதத்தைக் குறைக்கச் சொன்னதும், “அது தப்பில்லையா அக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். குதிகால் சேர்த்து, தொடையைச் சுழற்றி, அவள் கோணத்தை அவளே கண்டுபிடித்தாள். பிறகு மூன்று மூச்சில் இறங்கினாள். சமீபத்தில் ஒரு மேடையில் அவளைப் பார்த்த பெரியவர் ஒருவர், “ஆட்டம் நல்லா இருக்கு, கால் இன்னும் திறக்கணும்” என்றார். வணங்கிவிட்டு வந்தேன். அவள் இப்போது வர்ணம் கற்றுக்கொண்டிருக்கிறாள். பாதம் அதே கோணத்தில்தான் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் வலிக்கிறதா என்று தினமும் கேட்கிறேன். தொடை மட்டும் வலிக்கிறதாம்.